மைக்கேல் கான்லன் வழியில் என் தம்பியும் புரோவுக்குப் போகலாமா?

செம்பனை_லாரி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். குத்துச்சண்டை தெரிந்தவர்கள் யாராவது நிதானமாகப் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். வீட்டில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான்.

என் தம்பிக்கு 18 வயது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டான். படிவம் 1 படிக்கும்போதே கையுறை மாட்டியவன். எங்கள் பக்கம் ஜிம் என்று சொல்ல எதுவும் இல்லை. தோட்டத்தில் நம் ஆட்கள் குறைந்துபோய்ச் சும்மா கிடந்த ஆயாக் கொட்டகையை (வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்) கூட்டிப் பெருக்கி, கூரைச் சட்டத்தில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிட்டு, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அங்கே ஆரம்பித்து மாநில அளவில் பதக்கம் வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டான். பெருமையாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், கடைசியாக ஆடிய இறுதிப் போட்டியில் இவன்தான் ஜெயித்தான் என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்களே சொன்னார்கள், ஆனால் நடுவர் தூக்கியது மற்றவன் கையை. அன்றிலிருந்து அமெச்சூரே வேண்டாம், புரோவாக, அதாவது காசுக்கு ஆடும் தொழில்முறை வீரனாகப் போகிறேன் என்று நிற்கிறான். அந்த நேரம் பார்த்து கோலாலம்பூரில் ஜிம் வைத்திருக்கும் ஒருவர் ஐந்து வருட ஒப்பந்தத்தை நீட்டியிருக்கிறார். முதல் சண்டை தாய்லாந்தில் என்கிறார். அம்மா அழுகிறார். நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன், எனக்கு இந்த உலகம் தெரியாது.

தம்பி எதற்கெடுத்தாலும் அயர்லாந்தின் மைக்கேல் கான்லனைச் சொல்கிறான். “ரியோ ஒலிம்பிக்கில் அவரையும் ஏமாற்றினார்கள், அவர் அமெச்சூரை உதறிவிட்டுப் போனார், அடுத்த வருடமே நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் ஏறிவிட்டார்” என்று தினமும் ஒரே பாட்டு. அப்புறம் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் வரவில்லை. உலகப் பட்டம் கிடைக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது. அவ்வளவு திறமையிருந்தும் ஏன் கிடைக்கவில்லை? என் தம்பியிடம் நான் என்ன சொல்வது?

நள்ளிரவு_நேரலை (ஈப்போ)

அண்ணே, கான்லன் சண்டைகளைத் தூக்கம் கெட்டு உட்கார்ந்து தொடர்ந்து பார்த்தவன் நான். உங்கள் தம்பி சொல்வது முதல் பாதி. அதுவும் முழுதாக இல்லை.

கான்லன் 1991-இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர், மேற்கு பெல்ஃபாஸ்ட்காரர். வீடே குத்துச்சண்டை வீடு: அப்பா ஜான் பயிற்றுநர், அண்ணன் ஜேமியும் சண்டைக்காரர், பிறகு புரோவாகப் போய் உலகப் பட்டத்துக்கும் மோதியவர். மைக்கேலுக்கு 20 வயதில் லண்டன் ஒலிம்பிக், 52 கிலோ பிரிவில் வெண்கலம். அரையிறுதியில் அவரைத் தோற்கடித்தது கியூபாவின் ரொபெய்சி ரமிரெஸ், அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் காமன்வெல்த் தங்கம். 2015-இல் ஐரோப்பியத் தங்கம், அதே வருடம் தோஹாவில் உலகச் சாம்பியன்ஷிப் தங்கம். அயர்லாந்து ஆண்களில் அதற்கு முன்னால் யாரும் அதை வாங்கியதில்லை. ஆக, ரியோவுக்குப் போனபோது அவர் யாருக்கும் தெரியாத பையன் இல்லை, உலகச் சாம்பியன்.

2016 ஆகஸ்ட்டில் காலிறுதி, எதிராளி ரஷ்யாவின் விளாதிமிர் நிகிடின். நான் பார்த்த வரைக்கும் கான்லன்தான் ஜெயித்தார், பார்த்த பெரும்பாலோருக்கும் அப்படித்தான் தோன்றியது. மூன்று நடுவர்களும் 29-28 என்று நிகிடினுக்குக் கொடுத்தார்கள். கான்லன் மேடையிலேயே சட்டையைக் கழற்றி, நடுவர்கள் பக்கம் இரண்டு கையாலும் நடுவிரலைக் காட்டினார், நேரலைப் பேட்டியில் போட்டியை நடத்திய உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தையே ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டித் தீர்த்தார். இதில் கொடுமை என்னவென்றால், வாங்கிய அடியில் நிகிடினால் அரையிறுதியில் இறங்கவே முடியவில்லை. அவரோடு மோத வேண்டியிருந்த அமெரிக்காவின் ஷகூர் ஸ்டீவன்சன் சண்டையே போடாமல் இறுதிக்குப் போனார். 2021-இல் மெக்லாரன் விசாரணை அறிக்கை வந்தது: ரியோவில் முடிவுகளைத் திட்டமிட்டு வளைக்கும் ஏற்பாடு இருந்தது என்று அதில் எழுதியே வைத்துவிட்டார்கள், சந்தேகப் பட்டியலில் கான்லன் சண்டையும் இருந்தது. ஐந்து வருடம் கழித்து வந்த நியாயம், பதக்கம் வரவில்லை.

அப்புறம் புரோ சண்டைகளை ஏற்பாடு செய்யும் டாப் ரேங்க் நிறுவனத்தோடு கையெழுத்து. 2017 மார்ச் 17, செயின்ட் பாட்ரிக் தினம், நியூயார்க். கலப்புச் சண்டை நட்சத்திரம் கோனர் மெக்ரெகர் கூடவே நடந்து வந்தார். ஒன்று சொல்கிறேன், அது மேடிசன் ஸ்குவேர் கார்டனின் பெரிய அரங்கு இல்லை, அதே கட்டடத்துக்குள் இருக்கும் சின்ன அரங்கு. எதிராளி டிம் இபார்ரா மூன்றாம் சுற்றோடு முடிந்தார். 2019 டிசம்பரில் நிகிடினையே புரோ மேடைக்குக் கூட்டி வந்து பத்துச் சுற்றில் தெளிவாகத் தோற்கடித்தார், பழைய கணக்குத் தீர்ந்தது. 2021-இல் சொந்த ஊரில், ஃபால்ஸ் பார்க் பூங்காவில் திறந்தவெளி மேடை போட்டு டி.ஜே. டோஹெனியை வென்று இடைக்காலப் பட்டம் ஒன்றும் வாங்கினார். அது வரைக்கும் ஒரு தோல்விகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் வந்தது. 2022 மார்ச்சில் நாட்டிங்ஹாமில் லீ வுட், 12-ஆம் சுற்றில் நாக்அவுட். 2023 மே மாதம் பெல்ஃபாஸ்ட்டில் மெக்சிகோவின் லூயிஸ் அல்பெர்டோ லோபெஸ், ஐந்தாம் சுற்று. அதே வருடம் டிசம்பரில் மறுபடியும் பெல்ஃபாஸ்ட்டில் ஜோர்டன் கில், ஏழாம் சுற்று. இரண்டு முறை உலகப் பட்டத்துக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கை.

என் கருத்தைக் கேட்டால், புரோமோட்டர்தான் (சண்டைகளை ஏற்பாடு செய்பவர்) காரணம். முதல் ஐந்து வருடம் விளம்பரத்துக்கு ஏற்ற எதிராளிகளையே கொடுத்தார்கள், டிக்கெட் விற்றது, கொடி பறந்தது, ஆனால் அவரை உண்மையிலேயே இடித்துப் பார்க்கும் ஆள் தாமதமாகத்தான் வந்தார். உங்கள் தம்பிக்கு நிலைமை நேர்மாறாக இருக்கும். தாய்லாந்தில் அவன் விருந்தாளி, உள்ளூர்ப் பையனை வளர்ப்பதற்காக அவனைக் கூப்பிடுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய_கையுறை (ஈப்போ, புந்தோங்)

தம்பி, நான் இந்தப் பக்கம் நீண்ட காலமாகப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறவன். மேலே எழுதியவர் வரிசையைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். காரணத்தில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. புரோமோட்டர் பாதுகாத்தார் என்பது எல்லாப் பெரிய பெயருக்கும் பொருந்தும். கான்லனுக்கு நடந்தது வேறு.

நாட்டிங்ஹாம் சண்டையை உங்கள் தம்பியோடு உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது, நான் காப்பி ஆறும் வரைக்கும் கப்பைத் தொடவில்லை. முதல் சுற்று முடியப் போகும் நேரத்தில் கான்லனின் இடது கை விழுந்து வுட் கீழே போனார், மணி அடித்ததால் தப்பித்தார். அதற்கப்புறம் ஏழெட்டுச் சுற்று கான்லன் காட்டியது அமெச்சூர் பள்ளியின் முதல்தரமான பாடம். தூரம் அவர் கையில், கால் எப்போதும் எதிராளியின் காலுக்கு வெளியே, ஒரு அடி கொடுத்ததும் அந்த இடத்தில் ஆளே இல்லை. நடுவர் அட்டையில் அவர்தான் முன்னால். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வுட் நடந்து வர ஆரம்பித்தார். ஓடவில்லை, நடந்தார். கான்லன் குத்துவதற்காக நகர்வது போய், மூச்சு வாங்குவதற்காக நகர ஆரம்பித்தார். இந்த இடத்தைத் தம்பிக்குக் காட்டுங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் காலில் தெரியும். 11-ஆம் சுற்றில் விழுந்தார், வழுக்கினாரா அடியா என்று சர்ச்சை இருக்கிறது, எனக்கு அது களைப்பு. கடைசிச் சுற்றில் கயிற்றோரம் மாட்டிக்கொண்டார், வலது கை ஒன்று சுத்தமாக விழுந்தது, அதற்குள்ளேயே நினைவு போய்விட்டது. கயிறுகளுக்கு வெளியே மேடையிலிருந்து கீழே விழுந்தார். மணி அடிக்க இரண்டு நிமிடம்கூட இல்லை. ஜெயித்த வுட் கொண்டாடவில்லை, எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். நல்லவேளை, மருத்துவமனையில் பரிசோதித்ததில் உயிருக்கு ஆபத்து இல்லை. அந்த வருடத்தின் சிறந்த சண்டை என்று அதற்கு விருதும் கொடுத்தார்கள்.

சரி, ஏன் நடந்தது? அமெச்சூரில் மூன்று மூன்று நிமிடமாக மூன்று சுற்று, மொத்தம் ஒன்பது நிமிடம். உலகப் பட்டத்துக்கு 12 சுற்று, 36 நிமிடம். நான்கு மடங்கு ஓட வேண்டும் என்று மட்டும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒன்பது நிமிடச் சண்டையில் அடி வாங்காமல் தொட்டுவிட்டு ஓடினால் போதும், எதிராளிக்கு உங்களை உடைக்க நேரமே இல்லை. 36 நிமிடத்தில் அவருக்கு நேரம் இருக்கிறது. விலாவில் அடிப்பார், தோளில் அடிப்பார், கையின் மேலேயே அடிப்பார், அமெச்சூரில் பெரிதாக எடுபடாத அந்த அடிகளுக்கெல்லாம் பத்தாம் சுற்றில் வட்டியோடு கணக்கு வரும். கையுறையும் அந்த எடையில் 10 அவுன்ஸிலிருந்து 8 அவுன்ஸுக்கு இறங்கிவிடும். அப்புறம் எடை: 52, 56 கிலோவில் வளர்ந்த உடம்பு அவருடையது, உலகப் பட்டத்துக்கு அவர் ஏறியது 57 கிலோ. எண்ணைப் பார்த்தால் சின்ன ஏற்றம், ஆனால் வுட் அந்த எடைக்கே பெரிய ஆள். புரோவில் முதல் நாளே எடை பார்த்துவிடுவார்கள், சண்டைக்குள் ஒரு இரவு சாப்பிட்டுத் தண்ணீர் குடித்து ஏறிவிடலாம், பெரிய எலும்புக்காரனுக்கு அந்த இரவு மிகவும் உதவும்.

அயர்லாந்திலேயே இதற்கு நல்ல ஜோடி உதாரணம் இருக்கிறது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் டப்ளின் இராணுவக்காரர் மைக்கேல் கரூத் தங்கம் வாங்கினார், கியூபாக்காரரை இறுதியில் வென்று. அதே ஒலிம்பிக்கில் பெல்ஃபாஸ்ட்டின் வெய்ன் மெக்கல்லா இறுதியில் கசமயோரிடம் தோற்று வெள்ளி. ஊர் முழுக்கத் தங்கக்காரரைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கரூத் புரோவாக 18 ஜெயித்து 3 தோற்றார், பெரிய பட்டத்துக்கு ஒருமுறை ஜெர்மனிக்குப் போய் நூலிழையில் விட்டார், அத்தோடு சரி. மெக்கல்லா லாஸ் வேகஸுக்கே குடிபோய், எடி ஃபட்ச் என்ற கிழவரிடம் முதலிலிருந்து கற்றுக்கொண்டு, 1995-இல் ஜப்பானின் நகோயாவுக்குப் போய் யாகுஷிஜியை அவர் ஊரிலேயே வென்று டபிள்யூ.பி.சி. அமைப்பின் உலகப் பட்டத்தை எடுத்து வந்தார். பின்னால் நசீம் ஹமீதோடும் எரிக் மொராலெஸோடும் தோற்றாலும் முழு 12 சுற்று நின்றார். அடி தாங்கும் தாடை, ஓயாத கை, அந்தப் பாணி ஒன்பது நிமிடத்துக்கு மட்டும் உரியது இல்லை. பதக்கத்தின் நிறத்தைப் பார்த்து நான் எந்தப் பையனையும் புரோவுக்கு அனுப்ப மாட்டேன்.

தைப்பிங்_டீச்சர்

ஆண்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அயர்லாந்து என்றால் கேட்டி டெய்லரைச் சொல்லாமல் எப்படி?

அதே ரியோ, அதே காலிறுதி. கேட்டியும் அங்கே தோற்றவர்தான், பின்லாந்தின் மிரா போட்கோனெனிடம். அதற்கு முன்னால் அவர் கையில் இருந்தவை: 2006 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து உலகத் தங்கம், 2012 லண்டனில், பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலில் ஒலிம்பிக்கில் சேர்ந்த வருடமே, 60 கிலோ தங்கம். அப்படிப்பட்டவர் 30 வயதில் பதக்கமில்லாமல் திரும்பி வந்து, அந்த நவம்பரிலேயே லண்டன் வெம்பிளியில் புரோவாக ஏறினார். அடுத்த அக்டோபரில் உலகப் பட்டம். 2019-இல் அந்த எடையின் நான்கு பட்டமும் அவரிடம். 2022 ஏப்ரலில் மேடிசன் ஸ்குவேர் கார்டனின் பெரிய அரங்கில், இரண்டு பெண்கள் தலைமைச் சண்டை ஆடிய முதல் இரவு, எதிரே அமண்டா செரானோ. ஐந்தாம் சுற்றில் கேட்டி நிற்பாரா என்று எனக்கு மூச்சே நின்றது, நின்றார், ஜெயித்தார். 2023-இல் டப்ளினில் சொந்த மக்கள் முன்னால் சாந்தெல் கேமரனிடம் தோற்றார், ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே ஆளை வென்றார். செரானோவை மூன்று முறை வென்றாயிற்று.

ஆக, ரியோவில் தோற்றது இரண்டு பேருக்கும் பொது. ஐயா சொல்லும் சுற்றுக் கணக்குப்படி பார்த்தாலும் கேட்டிக்கு ஒரு சாதகம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: பெண்கள் பட்டச் சண்டை இரண்டு நிமிடமாகப் பத்துச் சுற்று, 20 நிமிடம், அவருடைய வேகமான கைக்கு அது ஏற்ற அளவு. ஆனால் நான் பார்ப்பது வேறு. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பெண்களுக்குப் போட்டியே இல்லாததால் தலைக்கவசத்துக்குள் முடியை மறைத்து, கே. டெய்லர் என்று பெயர் கொடுத்து ஆண்பிள்ளைகளோடு மோதியவர் அவர். அயர்லாந்தில் முதல் அதிகாரப்பூர்வப் பெண்கள் சண்டை 2001-இல் நடந்தபோது அதில் ஆடிய 15 வயதுப் பிள்ளை அவர்தான். அங்கிருந்து புரோ வரைக்கும் பதினைந்து வருடம். அமெச்சூரில் கற்றுக்கொள்ள இனி எதுவும் இல்லை என்ற நிலையில்தான் கேட்டி போனார், கான்லனும் 25 வயதில்தான் போனார். செம்பனை லாரி தம்பி, உங்கள் தம்பிக்கு 18. அவன் உதறிவிட்டுப் போக அவனிடம் இன்னும் என்ன இருக்கிறது? கான்லன் உதறியது ஒரு முழு வாழ்க்கையை, உங்கள் தம்பி உதறப் போவது ஆரம்பத்தை.

இன்னொன்று. ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இருக்குமா என்றே சில வருடம் தெரியாமல் கிடந்தது. ஊழல் செய்த பழைய சங்கத்தைத் தள்ளிவிட்டு 2025-இல் புதிய அமைப்பை ஏற்று, 2028 லாஸ் ஏஞ்சலஸில் உண்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த்தில் நம் நாட்டுக்குக் குத்துச்சண்டைத் தங்கம் வாங்கித் தந்த சாப்போக் பிக்கி, சரவாக்கில் இருந்து வந்தவர், தலைநகரத்துப் பிள்ளை இல்லை. சுங்கை சிப்புட்டில் இருந்து ஒரு பிள்ளை ஏன் வரக் கூடாது?

செம்பனை_லாரி

ஐயா, டீச்சர், ஈப்போ நண்பர், மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி வேலை முடிந்து வந்து ஐயா சொன்ன நாட்டிங்ஹாம் சண்டையைத் தம்பியோடு பார்த்தேன். கைப்பேசியில்தான், அம்மாவும் பின்னால் நின்று பார்த்தார். முதல் சுற்றில் குதித்தவன் பத்தாம் சுற்றில் பேச்சை நிறுத்திவிட்டான். விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். பிறகு அவன் கேட்ட கேள்வி இது: “அப்போ கான்லன் போனது தப்பா?” எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்புறம் ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கிறது. நான் படித்துப் புரிந்தவரை ஐந்து வருடமும் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் சண்டை, வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை போலிருக்கிறது. மருத்துவச் செலவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தங்குமிடம் இலவசம் என்று மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

நள்ளிரவு_நேரலை

தப்பே இல்லை அண்ணே! அதைத் தம்பிக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். மூன்று தோல்விக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஒதுங்கியிருந்து, 2025 மார்ச்சில் பிரைட்டனில் இந்தியாவின் ஆசாத் ஆசிஃப் கானை வென்றார், செப்டம்பரில் டப்ளினில் ஜாக் பேட்சனை நாக்அவுட் செய்தார். பெல்ட் இல்லாவிட்டாலும் அந்த மனிதர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் அரங்கு நிரம்பும்.

ரமிரெஸை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? லண்டனிலும் ரியோவிலும் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2019-இல் புரோவாக முதல் சண்டை, யாருக்கும் பெரிதாகத் தெரியாத அடன் கொன்சாலெஸ் என்பவரிடம் முதல் சுற்றிலேயே விழுந்து, புள்ளியில் தோற்றுப் போனார். உலகமே சிரித்தது. அவர் பயிற்றுநரை மாற்றி, கால் வைக்கும் முறையிலிருந்து மாற்றிக்கொண்டு வந்து, 2023-இல் உலகச் சாம்பியன் ஆனார். அவரே முதல் நாளில் தடுமாறினார் என்றால், மாநிலப் பதக்கத்தோடு போகிற பிள்ளைக்கு யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கான்லனுக்கு அப்பாவும் அண்ணனும் தொழில் தெரிந்தவர்கள். இந்த ஐந்து வருடத் தாளை நீட்டுகிறவர், சண்டையின்போது தம்பியின் மூலையில் பயிற்றுநராக யாரை நிறுத்தப் போகிறார் என்று கேட்டீர்களா?

பழைய_கையுறை

ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம். அவசரப்படுத்தினால் அதுவே பதில். மருத்துவச் செலவு எழுதாத தாளை நான் தொடவே மாட்டேன். பிரிட்டனில் புரோ உரிமம் வேண்டும் என்றால் வருடா வருடம் மூளை ஸ்கேன் எடுத்தாக வேண்டும், அப்படியிருந்தும் கான்லன் விழுந்த ராத்திரி எல்லாருக்கும் வயிறு கலங்கியது. ஸ்கேன் கேட்காத இடத்தில் 18 வயதுப் பையனை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புரோவாக ஒரு சண்டை ஆடினால் சுக்மா என்ற மலேசிய விளையாட்டுப் போட்டியிலோ மாநில அணியிலோ திரும்ப ஆட விடுவார்களா என்று மாநிலச் சங்கத்திடம் கடிதமாகவே கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். ஒப்பந்தத்தைத் தெரிந்த வழக்கறிஞர் யாரிடமாவது காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை, எந்த எடை, எத்தனை சுற்று, வெளியேறும் வழி, இந்த நான்கும் எழுத்தில் வராமல் பேச்சு வேண்டாம்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பட்டையை ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடுதலாக இறங்கும், அந்த மரத்தின் காயம் வருடக் கணக்கில் ஆறாது. இளம் பையனைச் சீக்கிரமாகப் பெரிய ஆளோடு மோதவிடுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

தம்பியின் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவனை ஏமாற்றியிருந்தால் அந்தக் கோபம் நியாயமானது, அதைக் கெடுக்காதீர்கள், மறந்துவிடு என்றும் சொல்லாதீர்கள். கான்லன் அந்தக் கோபத்தை வைத்து மூன்று வருடம் உழைத்து நிகிடினைப் பத்துச் சுற்று அடித்தார், அது கோபத்தால் கிடைத்தது. வுட்டிடம் 12-ஆம் சுற்றில் கோபம் உதவவில்லை, அங்கே கால் வேண்டியிருந்தது.

புரோவுக்குப் போகிற உடம்பா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஆளோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) விடாமல், இரண்டு சுற்றுக்கு ஒரு ஆளாகப் புது ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றி ஆறு சுற்று ஆடச் சொல்லுங்கள். மூன்றாவது ஆள் ஏறும்போது பாருங்கள். கை இறங்குகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள், நீங்கள் வாயைப் பாருங்கள், வாய் திறந்தால் மூச்சு போய்விட்டது, அந்த நிலையில் ஒரு ஹூக் (பக்கவாட்டுக் குத்து) வாங்கினால் தாடை உடையும். அடுத்தது பின்னங்கால் குதிகால், அது தரையில் ஒட்டிக்கொண்டால் அவன் இனி நகர மாட்டான். மூன்றாவது, ஜாப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) போட்ட கை கன்னத்துக்குத் திரும்பி வருகிறதா, இல்லை இடுப்புக்குப் போகிறதா. இந்த மூன்றும் ஆறாம் சுற்றில் சரியாக இருந்தால் நானே நல்ல இடம் பார்த்துச் சொல்கிறேன். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் அமெச்சூர், கூடவே ஏதாவது தொழிற்கல்வி, வயது அவன் பக்கம்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எங்கள் கூடத்தில் அவன் எடையில் மூன்று பையன்கள் இருப்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரம்தானே, கூட்டி வாருங்கள், சொல்லிக் கொடுக்கிற அந்தப் பெரியவரும் வந்தால் சந்தோஷம். பல் கவசம் அவன் வாயில் அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். ஒப்பந்தத் தாளையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

செம்பனை_லாரி

வருகிறோம் ஐயா. அம்மாவும் வருகிறேன் என்கிறார்.